ஒறம்பரை வந்தா உடுத்தலாம்

துணிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகவே கூடாத ஆள் யாரென்றால், மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன மாமாதான். கோயம்புத்தூரில் இப்படி ஒரு மாமா இல்லாத குடும்பம் குறைவு. 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் மில்கள் முளைத்தன, கூடவே மாமாக்களும் முளைத்தார்கள்.

ஒப்பணக்காரத் தெருக் கடையில் பையன் சட்டைகளை விரித்துப் போடுவான். எங்கள் மாமா நிறத்தையும் பார்க்க மாட்டார், விலையையும் பார்க்க மாட்டார். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். காலரைத் திருப்பித் தையல் நெருக்கமா என்று நகத்தால் தடவுவார். கடைசியாக ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்து, "இது கோம்டு இல்லீங் மாப்ளே, கார்டெட். நாலு தொவைக்கு மேல தாங்காது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். பருத்தியில் குட்டை இழைகளைச் சீவித் தள்ளிவிட்டு நூற்றால் கோம்டு, தள்ளாமல் நூற்றால் கார்டெட். அந்தக் குட்டை இழைகள்தான் பிற்பாடு சட்டைமேல் பொரிப்பொரியாக எழும்பி நிற்பவை. விஷயம் என்னவோ சரிதான். ஆனால் பக்கத்தில் சட்டை எடுத்துக்கொண்டிருந்தவரும் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

இழை நீளம் என்று பேச்செடுத்தால் மாமாவுக்கு நெஞ்சு நிமிரும். நீள இழைக்குப் பேர்போன சுவின் பருத்தி நம் கோவையில் உருவாக்கப்பட்டு 1974இல் வெளிவந்தது. சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியது. (எழுத்தாளர் இல்லை, இந்த சுஜாதா பருத்தி.) 120ஆம் நம்பர் சன்ன நூல்வரை நூற்கலாம். "சுவினைக் குடுத்த ஊருங் இது!" என்பார் மாமா. அப்போது அவர் உடம்பில் இருப்பது, திருப்பூர் காதர்பேட்டையில் குவியலிலிருந்து பொறுக்கி எடுத்த செகண்ட்ஸ் பனியன். கழுத்தில் வெளிநாட்டு லேபிளைப் பாதி வெட்டியிருக்கும்.

அந்தப் பனியனுக்கு ஒரு குணம் உண்டு. துவைக்கத் துவைக்க விலாவில் இருந்த தையல் முன்பக்கம் நகரும், ஆடி கழிவதற்குள் தொப்புளுக்கு வந்துவிடும். முறுக்கு அடங்காத நூலைப் பின்னிவிட்டால், நனையும்போதெல்லாம் அது முறுக்கைத் தளர்த்திக்கொள்ளப் பார்க்கும், துணியும் கூடவே திரும்பும். இதையும் மாமாவேதான் சொல்லிக் கொடுத்தார், தொப்புள்மேல் தையலோடு.

நல்ல துணி இல்லாமலா இப்படி? பீரோ கொள்ளாமல் இருக்கிறது. மாமாவிடம் 100ஆம் நம்பர் வேட்டிகள், தாள்கூடப் பிரிக்காமல். "ரிட்டையர் ஆனதும் உடுத்தலாம்னு எடுத்தது." ரிட்டையர் ஆகிவிட்டாரே? "இப்ப எங்கீங் போறோம்?"

எங்கள் வீட்டுக் கதை இன்னும் மோசம். நெகமம் சேலை, தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில் எடுத்தது, பட்டும் பருத்தியும் கலந்த கோவை கோரா என்று என் மனைவி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறாள். கோராவுக்கு 2014இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. வீட்டைவிட்டு வெளியே போகத்தான் அனுமதி கிடைக்கவில்லை. கேட்டால், "ஒறம்பரை வந்தா உடுத்தலாமுங்." ஒறம்பரையும், அதாவது விருந்தாளிகளும், வந்தார்கள். "இவிய நம்ம சனந்தானுங், இவியளுக்குப் போயி அதை எடுக்கோணுமா?" சனமல்லாதவர்கள் வந்த அன்றைக்கு அடுப்படி வேலை. காபிக் கறை பட்டால் யார் பொறுப்பு?

ஜரிகைச் சேலையை ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்போரம் இற்றுப் போகும். உடுத்தாமலே கிழிவது அந்தச் சேலைக்கு மட்டும் கைவந்த கலை. ஆகவே, உற்சவர் புறப்பாடு மாதிரி வருஷத்துக்கு ஒருதரம் எல்லாம் வெளியே வரும். நிழலில் காற்றாடி, மடிப்பு மாறி, அந்துருண்டையோடு திரும்ப உள்ளே போகும். அன்று முழுவதும் அவள் மேற்பார்வை பார்ப்பது பழைய நைட்டியில்.

நீடித்து உழைப்பதில் இவையெல்லாம் ரவிக்கைத் துணியிடம் பிச்சை வாங்க வேண்டும். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுப்பார்களே, அந்தத் துணி. அதை யாரும் தைத்து நான் பார்த்ததில்லை. பொள்ளாச்சி வளைகாப்பில் கிளம்பி, கோபியில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியதில் கைமாறி, காங்கேயம் காதுகுத்துக்குப் போய், கொங்கு நாட்டை வலம் வந்துகொண்டே இருக்கும். எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது என்று விவரமான வீடுகளில் மூலையில் அடையாளம் வைப்பார்கள். போன மாதம் தாராபுரத்துக் கல்யாணத்தில் என் மனைவிக்கு ஒரு மாம்பழ மஞ்சள் துணி கிடைத்தது. மூலையில் அவளே பால்பாயின்ட் பேனாவால் வைத்த புள்ளி. சாயம் இம்மியும் மங்கவில்லை.

"பாருங், எத்தனை வீடு போய் வந்திருக்கு. ஒருத்தியாச்சும் என்ற மடிப்பைக் கலைச்சிருக்காளா!" என்று பெருமையாகத் தடவிப் பார்த்துவிட்டு, வர்ற ஞாயிற்றுக்கிழமை அவிநாசிச் சீருக்கான பையில் வைத்தாள்.