ஏழாவது தடவை கேட்டால்

உங்கள் சொந்தபந்தத்தில் இப்படி ஒருவர் இருந்தே தீருவார். பரம சாது. வீட்டுக் கடன், மூட்டு வலி, மச்சினன் என்று எதைப் பற்றியும் நிதானமாகப் பேசுவார். ‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’ என்று சொன்னால் மட்டும் சாமி வந்துவிடும்.

1969-ல் வெளிவந்த இரட்டை இசைத்தட்டு அது. கேப்டன் பீஃப்ஹார்ட்டும் அவருடைய மேஜிக் பேண்டும் வாசித்த 28 உருப்படிகள். தயாரித்தவர் ஃப்ராங்க் ஸப்பா. இரண்டு கிதாரும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஆளுக்கொரு தாளத்தில் போகும். கேப்டன் ஹெட்ஃபோன் இல்லாமல், ஸ்டூடியோக் கண்ணாடி வழியாகக் கசிந்த சத்தத்தை வைத்தே பாடியவர் என்பதால், அவருடைய கரகரத்த குரல் மூன்றாவது திசையில் போகும்.

“தப்பா வாசிக்கிறாங்கன்னு நினைச்சீங்களா மாப்பிள்ளை? மாசக்கணக்கா ஒரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து ஒத்திகை! கேப்டனுக்குப் பியானோ வாசிக்கவே தெரியாது. அவர் தட்டுனதையெல்லாம் டிரம்மர் ஜான் ஃப்ரெஞ்ச்தான் உட்கார்ந்து எழுதி, ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.” அந்த டிரம்மரின் பெயரை அட்டையில் போடாமல் விட்டுவிட்டார்கள் என்ற இடம் வரும்போது குரல் தழுதழுக்கும். சொந்தத் தம்பியின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்குக்கூட மனிதர் இப்படிக் கலங்கவில்லை.

தட்டைச் சுழலவிட்டு, அவர் ஸ்பீக்கரைப் பார்த்து உட்காரமாட்டார். உங்களைப் பார்த்துத்தான் உட்காருவார். புருவம் அசைகிறதா, பாதம் தட்டுகிறதா என்று கண்காணிப்பு நடக்கும். “இப்ப வரும் பாருங்க... இப்ப!” என்று விரலைத் தூக்குவார். வந்துவிட்டதா என்று நமக்குத் தெரியாது. தலையை ஆட்டிவைப்பதே உத்தமம். “எது?” என்று கேட்டவர்களுக்கு அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி ஓடும்.

அட்டையில், தொப்பி போட்ட கேப்டனின் முகத்தை ஒரு மீன் தலை மறைத்திருக்கும். மீன் வாங்கத் தெரிந்த விருந்தாளி யாராவது “ட்ரௌட்டா? இது கெண்டை ஜாதியாச்சே!” என்றால் பூரித்துப்போவார். மற்றபடி அவருக்குக் கிடைக்கும் விமர்சனம், “மிக்ஸி போடலாமா, இல்ல பாட்டு இன்னும் முடியலையா?” என்று சமையலறையிலிருந்து வருவதுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கிறது என்று ஒருநாள் ஆதாரத்தோடு வாதாடினார். “பாதுகாக்கட்டும். யாரையும் கேட்கச் சொல்லலையே?” என்றார் அம்மணி.

கடைசி அஸ்திரம் மேட் க்ரோனிங். ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனைப் படைத்த அவரும் பையனாக இருந்தபோது முதலில் கேட்டுவிட்டுச் சகிக்கவில்லை என்றவர். ஆறேழு தடவைக்குப் பிறகே சரணடைந்தவர். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 79 நிமிடம், ஏழு தடவைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் நின்றால் திருப்பதியில் பெருமாளையே பார்த்துவிடலாம்.

போன மாதம் தங்கை மகள் வந்திருந்தாள், யூகேஜி படிக்கிறாள். தட்டு சுழன்றதும் எழுந்து, எந்தத் தாளத்தையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சோபாவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவே குதித்துக் குதித்து ஆடினாள். பக்கம் முடிந்ததும், “மாமா, மீன் பாட்டு இன்னொரு வாட்டி!”

மனிதர் முகம் இறுகிவிட்டது. ஊசியை எடுத்து ஓரமாக வைத்தார்.

“முதல் தடவையே பிடிச்சுதுன்னா, சரியாக் கேக்கலைன்னு அர்த்தம் கண்ணு.”