ஷிப்ட் மாறுகிற நேரம்: கேள்வி-பதில்

மில்லில் 9 வருஷமாக ஃபிட்டர். அடுத்த மாதம் கணக்கு முடிக்கப்போகிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?
*மெயின்டனன்ஸ் தொழிலாளி, ராஜபாளையம்*

இன்னும் ஒரு மாதம் இருக்கிறதல்லவா, இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். பிறகு ஒரு கணக்குப் போடுங்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை 9-ஆல் பெருக்கினால் உங்கள் கிராஜுட்டி. அதை வீட்டின் மாதச் செலவால் வகுத்தால், எத்தனை மாதம் பதற்றமில்லாமல் தேடலாம் என்பது தெரிந்துவிடும். பி.எஃப். பணத்தில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். பென்ஷன் திட்டத்தில் 10 வருஷச் சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் வரும். கரை தெரிகிற தூரத்தில் இருக்கிறீர்கள். அதே யு.ஏ.என். எண்ணைப் புது நிறுவனத்தில் கொடுத்துக் கணக்கைத் தொடருங்கள்.

ரிங் பிரேம் ஓட்டுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு எங்கே போவது?
*மில் தொழிலாளி, ராஜபாளையம்*

ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் நொடியில் கண்டுபிடித்து இணைக்கிறீர்கள். அந்தக் கண்ணும் கையும் வேண்டும் என்று தேடுகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. காயத்தின் மேல் போடுகிற துணி என்பதால், அதில் குறை பார்க்கிறவருக்கு மதிப்பு உண்டு. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். அங்கேயும் வெட்டிய துணியையும் தைத்த துணியையும் பார்த்து அனுப்ப ஆள் வேண்டும். நூலிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து தையலுக்கும் ஒரு படிதான் தூரம். தொழில், ஊர் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்று நிலைத்த பிறகு அடுத்தது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை தேட வேண்டும்?
*பட்டதாரி, மம்சாபுரம்*

நாலு மணி நேரம், அரை ஷிப்ட். அதை தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், பேசிய ஆள், அடுத்துப் பேச வேண்டிய நாள் என்று நாலு கட்டம் போடுங்கள். பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால் நீங்களே கூப்பிடுங்கள். மீதி அரை ஷிப்டில் எதையாவது கற்றுக்கொள்ளுங்கள், அல்லது சின்னதாகச் சம்பாதியுங்கள். நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தால் மனசுதான் தேயும்.

நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று, வேலை போனதை யாரிடமும் சொல்லவில்லை.
*அக்கவுண்ட்ஸ் கிளார்க், ஸ்ரீவில்லிபுத்தூர்*

அந்த நாலு பேரில் ஒருவருக்குத்தான் காலியிடம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆடிப்பூரத் தேர் இழுக்கிற ஊர்க்காரர் நீங்கள். தனி ஆள் வடம் பிடித்துத் தேர் நகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? “ஏதாவது வேலை இருக்கா அண்ணாச்சி?” என்று பொதுவாகக் கேட்டால், “பார்ப்போம் தம்பி” என்ற பதில்தான் வரும். “டேலி போட, ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க ஆள் தேடுறவங்க யாரையாவது தெரியுமா?” என்று கேளுங்கள். கேட்டவருக்கு உடனே ஒரு முகம் நினைவுக்கு வரும்.

பிள்ளைகளுக்காக 8 வருஷம் வீட்டில் இருந்தேன். மறுபடி டீச்சராகப் போக ஆசை. அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது?
*இல்லத்தரசி, கிருஷ்ணன்கோவில்*

“குழந்தைகளை வளர்த்தேன்; இப்போது முழு நேரமும் வர முடியும்.” இந்த ஒரு வரி போதும், மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். தெருப் பிள்ளைகளுக்கு இந்த மாதமே டியூஷன் ஆரம்பித்துவிட்டால், “இப்போதும் சொல்லிக்கொடுக்கிறேன்” என்று சேர்த்துச் சொல்லலாம். ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தேர்ச்சிச் சான்றிதழ் பழையதாகிவிட்டதே என்றும் கலங்காதீர்கள். அது ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2021-இல் அறிவித்து, 2011 முதல் எழுதியவர்களுக்கும் பொருந்தும்படி செய்துவிட்டார்கள்.

சென்னையில் போய்த் தங்கித் தேடினால் சீக்கிரம் கிடைக்குமா?
*இன்ஜினீயர், ராஜபாளையம்*

தங்கித் தேடினால் வாடகைதான் சீக்கிரம் ஏறும். முதல் சுற்றுப் பேச்சைப் போனிலும் வீடியோவிலும் இங்கிருந்தே முடியுங்கள். நேரில் வரச் சொன்னால் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள், விடிந்தால் சென்னை.

வேலை தேடி அலுத்துவிட்டது. பால்கோவா கடை போடலாமா?
*வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்*

அலுப்பில் போடாதீர்கள், ஆசையில் போடுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. பால் எப்போது சுண்டும், எப்போது அடிப்பிடிக்கும் என்பதைப் பார்த்துப் படிக்க முடியாது. ஏதாவது ஒரு கடையில் மூன்று மாதம் சம்பளத்துக்கு நின்று கிண்டிப் பழகுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் கேளுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
*டிரைவர், சேத்தூர்*

மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பெயர் இல்லையென்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். பெயர் இருந்தாலும் ஒப்பந்தத்தைப் படிக்காமல், ரசீது வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

53 வயதாகிறது. இனி யார் எனக்கு வேலை தருவார்கள்?
*மில் மேஸ்திரி, ராஜபாளையம்*

நம் ஊர் பி. எஸ். குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்தபடியே 1952 தேர்தலில் நின்று தோற்றார். அப்போது அவருக்கு உங்கள் வயதுதான். 1954-இல் ஒடிசா ஆளுநரானார். தோற்ற மனிதரிடமும் நிர்வாக அனுபவம் அப்படியே இருந்தது. உங்களிடம் இருப்பது தொழில் பழக்கிய அனுபவம். வயதை மறைக்காதீர்கள், எத்தனை பேருக்குப் பழக்கினீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். நாளைக் காலையில் அந்தப் பெயர்களை எழுத உட்காருங்கள். அதில் யாரோ ஒருவர் இன்றைக்கு வேறொரு மில்லில் மேனேஜராக இருப்பார். முதல் போன் அவருக்கு.