துப்புக் கொடுங்கள்

இலங்கையின் நாலந்தாவில் ஒரு கோயிலையே கல் கல்லாகக் கழற்றினார்கள். ஒருவரும் பொலிஸுக்கு ஓடவில்லை. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடும் என்று 1970களில் கெடிகே என்ற அந்தக் கோயிலைப் பிரித்து, பின்னர் மேட்டில் திரும்பக் கட்டியது அரசாங்கம். பல்லவர் பாணிக் கட்டடம், பத்திரமாய் நிற்கிறது. இருட்டில் ஒற்றைக் கல்லைப் புரட்டுகிறவர்தான் கள்ளன்.

பழைய விகாரைகளில் முன்னோர் தானமாகப் புதைத்ததைத் தோண்டும் இந்தப் புதையல்காரர்களைப் பற்றிய செய்திக்கு ஒரே அச்சுத்தான். கைப்பற்றப்பட்டவை: அலவாங்கு, மண்வெட்டி, பூசைத்தட்டு, எலுமிச்சம்பழம், ஸ்கேனர். பூதத்துக்குப் படையல், பூமிக்கு ஸ்கேனர். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பிக் காசை விடும் ஆட்களா இவர்கள்? கடைசி வரி: தப்பியோடியவர்களைப் பிடிக்கப் பொதுமக்களின் உதவி கோரப்படுகிறது.

2012இல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குள்ளேயே புகுந்து நாணயங்களையும் வாள்களையும் தூக்கினார்கள். காவலுள்ள இடத்தின் கதி அது. காட்டுக்குள் கிடக்கும் தாதுகோபத்துக்கு நாமும் நாய்களும்தான் காவல். நாய்கள் தம் கடமைக்கு இரவெல்லாம் குரைக்கின்றன. நாமோ, யார் வீட்டில் புது அலவாங்கு என்பதைத் தேநீர்க்கடையில் மட்டும் சொல்கிறோம்.

அனுமதியின்றித் தொல்பொருள் தோண்டுவது குற்றம். தேநீரைக் குடித்துவிட்டு 119ஐ அழையுங்கள்.