ஆறு மணிப் பூசை, ஒன்பது மணி வகுப்பு

கல்லூரியில் படிக்கும் கத்தோலிக்கத் தம்பி தங்கைகளின் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

அக்கா, தினமும் காலை 6 மணிப் பூசைக்குப் போகிறேன். ஒன்பது மணி வகுப்பில் கண் சொக்குகிறது. பூசையை விட்டுவிடட்டுமா?
*விடுதி மாணவன், திருச்சி*

பூசையை விடாதே தம்பி, நள்ளிரவு ரீல்ஸை விடு. ஞாயிறும் கடன் திருநாள்களும்தான் கட்டாயம். வாரநாள் பூசை நீயாக ஆசைப்பட்டுப் போவது. செய்முறைத் தேர்வு உள்ள நாளில் மாலைப் பூசைக்குப் போனால் போதும். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டிய ஃபீஸ் அது. வகுப்பில் விழித்திருப்பதும் உன் காணிக்கைதான்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில்கூட மெஸ்ஸில் சிக்கன் போடுகிறார்கள். நான் ரசத்தோடு நிறுத்திக்கொண்டால் நண்பர்கள் ‘ரொம்ப ஓவர்’ என்கிறார்கள். எனக்கு 17 வயது. ஒருசந்தியும் பிடிக்க வேண்டுமா?
*முதலாமாண்டு மாணவன், சென்னை*

சுத்தபோசனம் 14 வயது நிரம்பிய எல்லோருக்கும் உண்டு. ஆகவே சிக்கன் வேண்டாம். ஒருசந்திக் கடமை 18 நிரம்பிய பிறகுதான் வரும். அதுவும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள்: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாக ஏதாவது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு அதிலும் விலக்கு. நண்பர்களுக்கு நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். உன் பங்குச் சிக்கனை எதிரே இருப்பவன் தட்டில் வை. அடுத்த வெள்ளிக்கிழமை அவனே உனக்கு இடம் பிடித்து வைப்பான்!

தவக்கால வெள்ளிக்கிழமையில் மீன் சாப்பிடலாம்தானே அக்கா?
*தூத்துக்குடி மாணவி*

தாராளமாக. வீட்டில் சாளைக் குழம்பு இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடு. சீலா மீன் வறுவல் தேடி ஹோட்டலுக்குப் போனாயானால், அன்று நீ விட்டது கோழியை மட்டும்தான்.

எங்கள் துறையில் பாடம் எடுக்கும் சாமியாரே விடுதிச் சிற்றாலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார். அவரிடம் போக நடுக்கமாக இருக்கிறது. இன்டர்னல் மார்க்கும் அவர் கையில்தான்.
*பெயர் வேண்டாம்*

நடுக்கம் நியாயமானது. சட்டம் உன் பக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள். பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியிடும் குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். தொட்டியில் கேட்டதை வைத்து உனக்குப் பாதகமாக எதுவும் செய்ய அவருக்கு அனுமதி கிடையாது. அதிகாரத்தில் இருப்பவர் அதை நிர்வாகத்துக்குப் பயன்படுத்தவும் தடை உண்டு. இவ்வளவு சொன்ன பிறகும் கூச்சம் போகவில்லையா? எந்தக் குருவிடம் போவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை உன்னுடையது. பக்கத்துப் பங்குக்கு சைக்கிளை மிதி. போகாமல் இருப்பதற்கு மட்டும் இதைக் காரணமாக்காதே.

மூன்று அரியர். அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினால் பாஸாகிவிடுவேனா?
*பொறியியல் மாணவன், நாகர்கோவில்*

செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போ, மெழுகுதிரியும் ஏற்று. தேர்வு எழுதுகிறவர்களுக்கென்றே குப்பெர்த்தினோ சூசையப்பர் என்று தனியாக ஒரு பாதுகாவலர் இருக்கிறார், அவரையும் கேள். தெரிந்த கேள்வியாக வரவேண்டும் என்று மன்றாடுவதற்கு, தெரிந்த பாடம் நாலாவது உன்னிடம் இருக்க வேண்டும் தம்பி.

புனிதர்கள் என்றாலே மடமும் அங்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்களைப் போல பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போன புனிதர் யாராவது உண்டா?
*இரண்டாமாண்டு மாணவி, பாளையங்கோட்டை*

ஆசையாகப் பதில் சொல்ல வைக்கும் கேள்வி. பியர் ஜியோர்ஜியோ ஃபிரசாத்தி. 1901-இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். அப்பா ‘லா ஸ்தாம்பா’ நாளிதழின் சொந்தக்காரர். மகன் படித்தது சுரங்கப் பொறியியல். படிப்பில் முதல் மாணவர் இல்லை, திணறித்தான் படித்தார். மலையேற்றம் என்றால் உயிர், நண்பர் கூட்டம் பெரிது, அரட்டையும் குறும்பும் அதைவிடப் பெரிது. நாள்தோறும் நற்கருணை வாங்கினார். டிராம் காசை ஏழைகளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். சேரிகளில் நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில்தான் போலியோ தொற்றியிருக்க வேண்டும் என்கிறார்கள். 1925 ஜூலை 4-இல், 24 வயதில், பட்டம் வாங்கும் முன்பே இறந்தார். கை விழுந்துகொண்டிருந்த நேரத்திலும் ஒரு ஏழை நோயாளிக்குப் போகவேண்டிய ஊசி மருந்தைப் பற்றித் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அடக்கத்துக்குத் தெருவெல்லாம் ஏழைகள் திரண்டபோதுதான், மகன் இவ்வளவு காலம் எங்கே போய் வந்தான் என்று அந்தப் பணக்கார வீட்டுக்கே தெரிந்தது. 2025 செப்டம்பர் 7-இல் திருத்தந்தை 14-ஆம் லியோ, கார்லோ அகூத்திஸோடு சேர்த்து இவரையும் புனிதராக அறிவித்தார்.

இன்னொருவர் ஃபிரெடெரிக் ஓசானாம், 1997-இல் அருளாளர் பட்டம் பெற்றவர். பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, ‘உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது?’ என்று விவாத மேடையில் சீண்டினார்கள். வாதத்தை வளர்க்காமல் நண்பர்களோடு ஏழை வீடுகளுக்கு நடந்தார். 1833 ஏப்ரலில், அவருடைய இருபதாவது பிறந்தநாளில் தொடங்கிய சின்னக் குழுதான் வின்சென்ட் தே பவுல் சபை. உன் பங்கிலும் இருக்கும், விசாரி. பெரும்பாலும் தாத்தாக்கள்தான் இருப்பார்கள், ஒரு மாணவி போய் நின்றால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் தெரியுமா!

பாடகற்குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். மக்கள் சேர்ந்து பாடுவதே இல்லை.
*மதுரை மாணவன்*

சுதியை இரண்டு கட்டை இறக்கு. புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும்.

விலங்கியல் படிக்கிறேன். பரிணாமம் படிப்பது விசுவாசத்துக்கு ஆபத்து என்று செபக்குழுவில் ஒருவர் பயமுறுத்தினார்.
*மாணவி, கோயம்புத்தூர்*

ஆபத்து பாடத்தில் இல்லை தங்கச்சி, அந்தப் பயத்தில் இருக்கிறது. மனித உடலின் தோற்றத்தைப் பரிணாமக் கோணத்தில் ஆராயலாம் என்று திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1950-லேயே சொல்லிவிட்டார். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று இரண்டாம் ஜான் பால் 1996-இல் எழுதினார். உன் மரபியல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வருகிற மெண்டல் யார்? மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து எண்ணிய அகுஸ்தீன் சபைத் துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய லெமெத்ர், பெல்ஜியத்துக் குரு.

நம் ஊருக்கே வருவோம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அதைத் தொடங்கிய சேசு சபைக் குரு கே.எம். மத்தேயு, மாணவர்களோடு காடும் கரடும் அலைந்து செடி சேகரித்தார். தமிழகத்துத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய தொகுதிகளைத் தாவரவியல்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். உன் துறையில் கல்விப் பயணம் என்று பேச்சு வந்தால் இந்த இடத்தைச் சொல். படைத்தவரை நேசிக்கிறவர்கள் படைப்பைக் கண் திறந்து பார்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள் நான். தேர்வில் பரிணாமக் கேள்விக்கு முழு மார்க் வாங்கு.

செபிக்கலாம் என்று அய்க்கஃபில் சேர்ந்தேன். அங்கே சாதி, நிலம், இடஒதுக்கீடு என்று அரசியல் பேசுகிறார்கள்.
*முதுகலை மாணவன், திண்டுக்கல்*

இருந்து கேள் தம்பி. 1924-இல் தொடங்கிய கத்தோலிக்க மாணவர் இயக்கம் அது. அதன் வழிகாட்டியாக நெடுங்காலம் இருந்த பியர் செராக் அடிகளார் 1937-இல் பிரான்சிலிருந்து வந்தவர். மானாமதுரை வறட்சியில் கிணறு வெட்ட வைத்தார், பிறகு கம்போடிய அகதிகளோடு முகாமில் வாழ்ந்தார், 2012-இல் சென்னையில் மறைந்தார். அந்த உழைப்புக்கெல்லாம் அவருக்குப் பலம் தந்தது செபம்தான்.

2022-இல் புனிதரான தேவசகாயத்தையும் நினைத்துக்கொள். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரில் திருவிழா எடுக்கும் நாம், சாதிக்கொரு கல்லறைப் பகுதி வைத்திருக்கும் ஊர்களைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கலாமா? 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு கட்டியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிந்தது, தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. உன் வகுப்பிலேயே இதனால் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடைக்காமல் தவிக்கும் தோழன் இருக்கலாம். கிராம முகாம் அறிவித்தால் முதல் ஆளாகப் பெயர் கொடு. கூட்டத்தில் செபம் குறைவாக இருக்கிறது என்று பட்டால், அதைத் தொடங்கி வைக்கும் பொறுப்பை நீயே கேட்டு வாங்கு.

என் அறைத்தோழி இந்து. நான் இரவில் 53 மணிச் செபம் சத்தமாகச் சொல்வது அவளுக்குத் தொந்தரவா என்று தெரியவில்லை.
*விடுதி மாணவி, சென்னை*

கேட்டாலே தெரிந்துவிடும், இன்றைக்கே கேள். அவளுக்குத் தேர்வு இருந்தால் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சொல். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் தீப்பெட்டி எடுத்துக் கொடு.

வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை வருவதாக அம்மா எனக்காக நேர்ந்துகொண்டார். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, அதே வாரம் எனக்கு இன்டர்னல். அம்மாவோ மூட்டுவலிக்காரர். என்ன செய்ய?
*மூன்றாமாண்டு மாணவன், தஞ்சாவூர்*

இன்டர்னலை எழுது. செப்டம்பர் 8 பெருவிழாவரை நாள் இருக்கிறது, அது தவறினாலும் மாதா கோயில் வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது. நேர்ச்சையைப் பற்றிப் பங்குச்சாமியிடம் அம்மாவைப் பேசச் சொல். முடியாதவர்களுக்கு அதை வேறொரு நற்செயலாக மாற்றிக் கொடுக்க வழி உண்டு. சாமி சரி என்றதும் அம்மாவுக்கு பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடி. நடப்பதை நீ நட. செருப்பு நல்லதாக வாங்கு, வெயிலுக்கு முன்னால் கிளம்பு, தண்ணீர் பாட்டிலை வழியில் எறியாதே.