அரசுக்குப் படிப்பு வந்த கதை

சிலருக்குக் காலம் போன பிறகுதான் படிப்பு ஏறும். இலங்கை அரசுக்கு அது 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு மேல், தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு ஏறியது. அதுவரை சுத்தக் கைநாட்டு.

வம்புக்குச் சொல்லவில்லை, அத்தாட்சி இருக்கிறது. ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்திய உளவுத்துறை தகவல் அனுப்பிவிட்டது. தீவிரவாதி சஹ்ரான் ஹாஷிமின் கூட்டம் தாக்கப்போகிறது, தேவாலயங்கள் இலக்கு என்று. 11-ஆம் தேதி போலீசுக்குள்ளேயே ஒரு கடிதம் புறப்பட்டது. ஆளின் பெயர், அமைப்பின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. கடிதம் மேசை மேசையாகப் போனது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சுருக்கொப்பம் விழுந்தது. குண்டு வெடித்த அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சிங்கப்பூரில். தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். அவரை முந்தைய அக்டோபரிலிருந்தே பாதுகாப்புச் சபைக்குக் கூப்பிடுவதில்லை. இரண்டு பேருக்கும் அப்போது முகம் கொடுத்துப் பேச்சில்லை. பங்காளிச் சண்டையில் கிணற்றை மூடுகிற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்; இது நாட்டின் உளவுத்துறை.

ஆனால் தகவல் கசியவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மந்திரி ஹரின் பெர்னாண்டோவின் தகப்பனாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மகனிடம் பூசைக்குப் போகாதே என்று எச்சரித்திருக்கிறார். இதை மந்திரியே வெளியில் சொன்னார். ஆக, நாட்டைக் காக்கும் தகவல் அப்பாக்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்துப்போன ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு மந்திரிசபையில் சொந்தக்காரர் யாரும் இல்லை.

காரைக்காலிலிருந்து நாகூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு வாஞ்சூர் சோதனைச் சாவடி தெரியும். மீன்கூடைக்கு அடியில் ஐஸுக்குள் புதைத்த குவார்ட்டர் பாட்டிலை அங்கே ஒரு கான்ஸ்டபிள் கூடையின் கனத்தை வைத்தே கண்டுபிடிப்பார். அந்த அக்கறையில் பாதி கொழும்பில் ஒரே ஒருவருக்கு இருந்திருந்தால், கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும் அன்று பூசை முடிந்து சனம் வீட்டுக்குப் போயிருக்கும். தேவாலயங்களிலும் ஓட்டல்களிலுமாக 260-க்கும் மேற்பட்டவர்கள் வீடு போகவில்லை.

இத்தனைக்கும் சஹ்ரானைப் பற்றி முதலில் போலீசுக்குப் போய்ச் சொன்னவர்கள் காத்தான்குடி முஸ்லிம்கள்தான். வருஷக்கணக்காகச் சொன்னார்கள். அதையும் யாரும் படிக்கவில்லை. பின்னால் தண்டனை மட்டும் சொன்னவர்களுக்கே போய்ச் சேர்ந்தது.

குண்டு வெடித்ததும் அரசின் கண் திறந்தது. பெயர் எழுதிய கடிதத்தைப் படிக்காத கண், துணியைப் படித்தது. மே மாதம், ஹசலக என்ற ஊரில், ஒரு முஸ்லிம் பெண் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்தியிருந்தார். போலீஸ் அதைத் தர்மச்சக்கரம் என்று படித்தது. பௌத்தத்தை அவமதித்தாராம். இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார். காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைக் கேட்டால்கூட அது என்ன சக்கரம் என்று சொல்லிவிடும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டின் போலீசுக்குச் சுக்கான் தெரியவில்லை! அந்தப் பெண்ணை உள்ளே தள்ளப் பயன்பட்ட சட்டம் இன்னும் அருமை. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்ற 2007-இல் போட்ட சட்டம் அது. மனித உரிமைச் சட்டத்தைக் கொண்டே ஒரு மனுஷியின் உரிமையைப் பறித்த இந்தக் கைத்திறனுக்கு ஜெனீவாவில் ஒரு பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும்.

அடுத்தது முகநூல். ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். தெருச்சண்டையில் நாம் தினமும் விடுகிற சாபம். அது அடுத்த குண்டுக்கான முன்னறிவிப்பாகப் படிக்கப்பட்டது. கடைக்காரர் கைதானார். கூட்டம் கடைகளை உடைத்தது. அங்கிருந்து குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடை என்று நெருப்பு ஊர் ஊராகப் போனது. பள்ளிவாசல்கள், வீடுகள், ஒரு பாஸ்தா ஆலை. ரமலான் நோன்பு மாதம். புத்தளம் மாவட்டம் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சரை வாளால் வெட்டிக் கொன்றார்கள். அவர் எந்தக் கடிதத்திலும் பெயர் வராத மனிதர்.

ஊரடங்கு போட்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எரிய வேண்டியவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், எரிக்கிறவர்கள் தெருவில் இருக்கலாம் என்று அந்த உத்தரவுக்கு அர்த்தம் கண்டார்கள். கலவரம் ஓய்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மே 23-ஆம் தேதி சிறிசேன ஒருவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். முஸ்லிம் வெறுப்பை வாழ்நாள் தொண்டாகச் செய்துவந்த பொதுபல சேனாவின் கலகொட அத்தே ஞானசார தேரர். காணாமல்போன பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொட வழக்கில் நீதிமன்றத்துக்குள்ளேயே கூச்சல் போட்டு, அவமதிப்புக்கு ஆறு வருஷம் தண்டனை வாங்கியவர். ஒரு வருஷம்கூட முடியவில்லை, வெளியே வந்துவிட்டார். 2021-இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ என்று ஒரு செயலணி அமைத்து அதற்கு அவரையே தலைவராக்கினார் அடுத்து ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச. சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல, சட்டத்தை அவமதித்துச் சிறைக்குப் போனவரைவிட அனுபவசாலி கிடைப்பாரா?

அதே மே 23-ஆம் தேதி ‘திவயின’ பத்திரிகையின் முதல் பக்கத்தில் இன்னொரு கண்டுபிடிப்பு. ஒரு தௌஹீத் டாக்டர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்குத் திருட்டுத்தனமாகக் கருத்தடை செய்துவிட்டாராம். மறுநாளே குருநாகல் மருத்துவமனை டாக்டர் ஷாபி கைது. கைதுக்குச் சொன்ன காரணம் சொத்துச் சேர்ப்பு. ஊர் முழுக்கப் பரவிய காரணம் கருப்பை. சிசேரியன் மேசையில் சுற்றிலும் தாதிகள், மயக்கமருந்து நிபுணர், உதவி டாக்டர்கள் நிற்க, 4,000 தடவை ஒருவர் கண்ணுக்கும் படாமல் இதைச் செய்யக் கை வேண்டாம், மந்திரம் வேண்டும். குற்றப்புலனாய்வுத் துறையே ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் ஜாமீன். வேலை திரும்பக் கிடைக்க வருஷங்கள் ஆயின. 2022-இல், நாடு திவாலாகி ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் தவித்தபோது, தனக்கு வந்த சம்பள நிலுவையை மருந்து வாங்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அவமானப்படுத்த நினைத்திருந்தால்கூட அந்த அரசை அவரால் இதைவிட நன்றாக அவமானப்படுத்தியிருக்க முடியாது. அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார், அதுதான் வேதனை.

இதெல்லாம் கலவர நேரத்துக் கிறுக்கு என்று தள்ளிவிட ஆசையாக இருக்கும். முடியாது. ஒரு வருஷம் ஆறப்போட்டு, நிதானமாக உட்கார்ந்து செய்த வேலைகளும் உண்டு. 2020 ஏப்ரலில் வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவைத் தேடிவந்தவர்கள், கொரோனா விசாரணைக்கு வந்த சுகாதார அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். கூட்டிக்கொண்டு போனது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில். 22 மாதம் கழித்து ஜாமீன்.

பிறகு கவிதைக்கு வந்தார்கள். மன்னார் மாவட்டம் சிலாவத்துறைக்காரர் அஹ்னாப் ஜசீம், பள்ளி ஆசிரியர், ‘நவரசம்’ என்று ஒரு கவிதைத் தொகுப்புப் போட்டிருந்தார். வெளிவந்தது 2017-இல், அதாவது குண்டுக்கு இரண்டு வருஷம் முன்னால். நம் பக்கம் கவிதைத் தொகுப்பு போட்ட எவரையும் கேட்டுப் பாருங்கள், முந்நூறு பிரதி அச்சடித்து இருநூறை வீட்டுப் பரணில் வைத்திருப்பார். நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்தாலும் புரட்டமாட்டார்கள். ஒரு தமிழ்க் கவிதை நூலை இவ்வளவு ஊன்றிப் படித்த வாசகர் கூட்டம் கொழும்பின் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவைத் தவிர உலகில் வேறெங்கும் அமைந்ததில்லை. 2020 மே 16-ஆம் தேதி கைது. நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது குற்றச்சாட்டு. அந்த நூலில் ஐ.எஸ். கூட்டத்தின் கொடூரத்தைக் கண்டித்தே கவிதைகள் இருந்தன. கண்டனத்தையும் வாழ்த்தையும் பிரித்தறியாத விமர்சகர்கள் நம் சிற்றிதழ்களிலும் உண்டு. அவர்கள் கையில் விலங்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காவலில் அவரை எலி கடித்தது என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். நூலைப் படிக்காமலே கடித்தவர்களில் எலியும் ஒன்று. 19 மாதம் உள்ளே. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அந்த 19 மாதத்துக்கு எந்த ரசம் என்று பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

உயிரோடு இருப்பவர்கள் தீர்ந்ததும் பிணங்களிடம் போனார்கள். கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று கோட்டாபய அரசு கண்டுபிடித்தது. உலகச் சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றது. உலகத்துக்கு என்ன தெரியும்? 2021 பிப்ரவரிவரை 276 முஸ்லிம்களின் உடல்களை, குடும்பங்கள் கதறக் கதற எரித்தார்கள். அதில் பிறந்து 20 நாளான சிசுவும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சாம்பலிடம்.

குண்டைத் தடுக்கத் தவறியவர்களுக்கு என்ன ஆயிற்று? 2023 ஜனவரி 12-ஆம் தேதி இலங்கை உச்ச நீதிமன்றம் சிறிசேனவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டச் சொன்னது. போலீஸ் தலைவருக்கும் உளவுத்துறைத் தலைவருக்கும் தலா ஏழரைக் கோடி. சிறிசேன ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மீதிக்குத் தவணை கேட்டார். கவிஞரிடம் 19 மாதத்தை மொத்தமாகத்தான் வாங்கினார்கள், அவருக்குத் தவணை வசதி இருக்கவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 1979-இல் வைத்த முழுப்பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கென்று ஜே.ஆர். ஜெயவர்த்தன கொண்டுவந்தார். வருஷக் கடைசிக்குள் பயங்கரவாதத்தை ஒழித்துக்கட்டு என்று ஒரு பிரிகேடியரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். பிறகு நடந்தது இருபத்தாறு வருஷப் போர். அந்தச் சட்டம் முதலில் தமிழர்களைத் தின்றது, நடுவில் ஜே.வி.பி.யின் சிங்களப் பையன்களைத் தின்றது, ஈஸ்டருக்குப் பிறகு முஸ்லிம்களை. இந்தச் சட்டத்தை ஒழிப்போம் என்று வாக்களித்து, அந்த ஜே.வி.பி.யின் தலைவரே, அநுர குமார திசாநாயக்க, ஜனாதிபதியானார். 2025 மார்ச்சில் கொழும்பு வணிக வளாகம் ஒன்றில் இஸ்ரேலைக் கண்டித்து ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞரை அதே சட்டத்தில் பிடித்தார்கள். தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்து அநுரவுடையது. தம் தோழர்களைத் தின்ற மிருகத்துக்குத் தம் கையாலேயே இரை வைக்கிறார் மனிதர்.

சிரித்துக்கொண்டே படிக்கும் காரைக்கால்காரர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நம் டில்லிக்கும் ‘தற்காலிகம்’ தெரியும். 1985-இல் இரண்டு வருஷத்துக்கென்று வந்த தடா 1995 வரை ஆண்டது. 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. தண்டனை நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை. 2002-இல் பொடா வந்தபோது வைகோவின் கட்சி நாடாளுமன்றத்தில் கைதூக்கியது. சில மாதத்தில் திருமங்கலத்தில் பேசிய ஒரு பேச்சுக்காக வைகோவே அதில் வேலூர்ச் சிறைக்குப் போனார். சமைத்தவருக்கே முதல் பந்தி.

ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்ததை நினைத்தால் கேலி தொண்டையில் நிற்கிறது. 1998-இல் ஒரே தீர்ப்பில் 26 பேருக்கும் தூக்கு. மறுவருஷம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. இது தடாக் குற்றமே இல்லை என்றும் சொன்னது, தடாவில் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றும் சொன்னது. பத்தொன்பது வயதில் பிடிபட்ட பேரறிவாளன், வாங்கிக்கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று சொன்னாராம். அந்த வாக்கியத்தைத் தான் எழுதாமல் விட்டதாக வாக்குமூலம் பதிந்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் வாய் திறந்தார். விட்ட ஒரு வரிக்கு விலை 31 வருஷம். அக்கரைக்குப் படிக்கத் தெரியவில்லை, இக்கரைக்கு எழுதத் தெரியவில்லை.

மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாதிகள் கடல்வழி வருவார்கள் என்று நம் மீனவர்களுக்குக் கைரேகை எடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். படகுக்கு எண், மாநிலத்துக்கு ஒரு சாயம். எல்லாம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். 2025 ஜனவரி 28 விடியுமுன் நெடுந்தீவுக்கருகே காரைக்காலிலிருந்து போன விசைப்படகில் 13 பேர். இலங்கைக் கடற்படை சுட்டது. இரண்டு பேர் படுகாயத்தோடு யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குப் போனார்கள், மூன்று பேருக்குச் சின்னக் காயம். துப்பாக்கி தற்செயலாக வெடித்துவிட்டது என்றது கடற்படை. டில்லி, இலங்கைத் தூதரகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. படகுகள் மறுபடி போகின்றன. இந்தப் பக்கம் ஒருவர் அட்டையைப் பார்த்து அனுப்புகிறார், அந்தப் பக்கம் ஒருவர் படகைப் பார்த்துச் சுடுகிறார். கேட்டால் இரண்டு பேருமே பாதுகாப்பு என்கிறார்கள்.