மொய் நோட்டு என்னும் மூலதனம்

ஐம்பதைத் தாண்டி வேலை தேடுகிறவனுக்கு ஊரில் யாரும் வேலை தரமாட்டார்கள், ஏஜென்சி தருவார்கள். இருபத்தைந்து வயதுப் பையன் சும்மா இருந்தால், "என்ன படிச்சிருக்கே, என்ன வேலை தெரியும்?" என்று விசாரிப்பார்கள். எங்களைப் போன்றவர்களிடம் அந்த விசாரணையே கிடையாது. "உங்களுக்குத்தான் நாலு பேரைத் தெரியுமே!" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்பதை யாரும் கேட்பதில்லை. எத்தனை கல்யாணத்துக்குப் போய்த் தலையைக் காட்டியிருக்கிறாய் என்பதுதான் தகுதி.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பஞ்சாலையில் டைம் ஆபீஸில் இருந்தவன். மில் வாசலை மிதிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: டைம் ஆபீஸ் என்பது கேட்டை ஒட்டிய ஒரு சின்ன அறை. யாருக்குப் பகல் ஷிப்ட், யாருக்கு அரை நைட், யாருக்கு முழு நைட், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் பொங்கலுக்காவது திரும்பினானா, எல்லாம் அங்கேதான் பதிவாகும். சம்பளம், ஓவர்டைம், இ.எஸ்.ஐ., பி.எஃப். அத்தனைக்கும் எங்கள் ரெஜிஸ்டர்தான் ஆதாரம். மானேஜருக்கு வணக்கம் வைக்காமல் போகிற சைடர்கூட, அதாவது ஸ்பின்னிங் மிஷின் ஓட்டுகிறவன்கூட, டைம் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் போவான்.

2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பஞ்சு ஏறிய வேகத்துக்கு நூல் விலை ஏறாது. ஏற்றினால் வாங்க ஆள் வராது. எங்கள் மில்லில் முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு சிக்கனம் என்று சொல்லி, முகத்தைப் பார்த்து வருகை போடும் மிஷின் ஒன்றைக் கேட்டில் மாட்டினார்கள். அதற்கு டீ வாங்கிக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று தொழிலாளிகள் ரொம்ப வருத்தப்பட்டார்கள். பார்க்க முகமே இல்லாமல் போன பிறகு மில்லையும் மூடினார்கள். மிஷினுக்கும் வேலை போனது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நிம்மதி.

அப்போது எனக்கு வயது 53. மற்றவர்களுக்குப் போட்டுப் போட்டு மனப்பாடமான கிராஜுவிட்டி கணக்கை எனக்கே போட்டுக்கொண்டேன். கடைசிச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் இன்னொரு பெருக்கு. அடுத்தவனுக்குப் போடும்போது, "இவனுக்கு இவ்வளவா!" என்று தோன்றிய அதே கணக்கு, எனக்கு என்றதும் எங்கேயோ ஒரு பெருக்கல் விட்டுப்போன மாதிரி இருந்தது. பி.எஃப். பென்ஷன் 58இல்தான் முழுசாக வரும். 50இலிருந்தே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அவசரத்துக்கு அபராதம் போடுகிற ஏற்பாடு. டைம் ஆபீஸ்காரனுக்கு அதைக் குறை சொல்ல வாய் வராது.

இந்தச் சமயம் பார்த்துத்தானா என் மைத்துனர் வாரா வாரம் வீட்டுக்கு வர வேண்டும்? அவர் அரசு ஊழியர். 2020இல் அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 59 ஆக்கியது. மறுவருஷமே 60 ஆக்கியது. அந்த இரண்டு முறையும் பால்கோவா வாங்கி வந்தவர், இப்போதும் வாங்கி வந்தார். "மனுசனுக்கு அறுபதுலதான் மாமா அறிவே முதிருது," என்றார். அவருக்கு அது ஏழு வருஷம் கழித்து நடக்கும் என்று நினைத்துக்கொண்டு பால்கோவாவைச் சாப்பிட்டேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பதிவு எந்தக் காலத்திலோ புதுப்பிக்காமல் செத்துப்போயிருந்தது. வேலையில்லாத பட்டதாரிக்கு மாநில அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறதே என்று விசாரித்தேன். அதற்கு வயது 40க்குள் இருக்க வேண்டுமாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்றால் 45. ஆக, அரசாங்கக் கணக்கில் நான் வேலையில்லாதவனே இல்லை. வீட்டில் இதைச் சொன்னபோது, "அப்ப என்ன கணக்குல பகல் பூரா படுத்திருக்கீக?" என்று கேட்டாள் என் மனைவி.

மகள் ஒரு பயோடேட்டா தயாரித்துக் கொடுத்தாள். இப்போது அதை ரெஸ்யூமே என்று சொல்ல வேண்டுமாம். அதை வைத்து ஒரு இன்டர்வியூ வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த தம்பிக்கு என் சர்வீஸைவிட வயது குறைவு. "ஒரே கம்பெனியில ஏன் சார் இத்தனை வருஷம்?" என்று கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெண் கொடுக்க வந்தவர்கள் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தால், ஒரே ஸ்டேஷனில் பல முறை கைதானவனைப் பார்க்கிற பார்வை.

"சைக்கிள் ஸ்டாண்டு நெழல்ல இருந்துச்சு தம்பி," என்றேன். உண்மையும் அதுதான்.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கறீங்க?"

53ஐயும் 5ஐயும் கூட்டுவதற்கு எனக்கு யோசனை தேவைப்படவில்லை. "பி.எஃப். ஆபீஸ்ல தம்பி. பத்து-டி ஃபாரம் கொடுக்கணும்ல."

சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதன் பிறகுதான் ஏஜென்சிகள் வர ஆரம்பித்தன. நாலு வழிச் சாலையை ஒட்டி பிளாட் போட்டவர், சீட்டு பிடிக்கிறவர், ஜாதகப் பரிவர்த்தனை செய்கிறவர் என்று ஆளாளுக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்க முகராசிக்கு..." என்று தொடங்கினார்கள். அந்த முகத்தைக் கேட்டில் மாட்டிய மிஷின்கூட மதித்ததில்லை. இருப்பதில் கௌரவமாகத் தெரிந்தது எல்.ஐ.சி.தான். 1956இலிருந்து இருக்கிறது, பெயரைச் சொன்னால் விளக்கம் சொல்ல வேண்டாம். 25 மணி நேரப் பயிற்சி, பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. 50 கேள்வி, 35 சதவீதம் எடுத்தால் பாஸ். எடுத்தேன்.

என்னைச் சேர்த்துக்கொண்ட டெவலப்மென்ட் ஆபீசர், அதாவது டி.ஓ., சுறுசுறுப்பான மனிதர். "சார், முதல் வேலை, தெரிஞ்சவங்க நூறு பேர் லிஸ்ட் எழுதிட்டு வாங்க. பேரு, ஊரு, வசதி எப்படின்னு ஒரு குறிப்பு, அவ்வளவுதான்," என்றார். ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். முப்பதுக்கு மேல் ஓடவில்லை. அதில் பாதிப் பேர் என்னைப் போலவே அதே மில்லில் வேலை போனவர்கள்.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் கல்யாணத்து மொய் நோட்டைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள்.

எங்கள் பக்கத்து மொய் நோட்டைப் பார்த்திராதவர்கள் அதைச் சாதாரணமாக நினைக்கலாம். மண்டப வாசலில் மேஜை போட்டு, எழுத ஒருவர், எண்ண ஒருவர், மைக்கில் வாசிக்க ஒருவர் என்று உட்கார்ந்து தயாரித்த ஆவணம் அது. பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில், தொகை. டீக்கடை எது, ரேஷன் கடை எது, ஓய்வுபெற்ற வாத்தியார் யார் என்பதுகூட இருக்கும். பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவு செய்து திரட்டுகிற வாடிக்கையாளர் விவரத்தை, சாப்பாடு போட்டு, அவர்களிடமே பணமும் வாங்கிக்கொண்டு நாம் திரட்டி வைத்திருக்கிறோம்.

டி.ஓ. கேட்டது வெறும் பெயர்கள். என் மனைவி தந்ததோ நோட்டும் உரையும் சேர்த்து.

"நூத்தியொண்ணு எழுதினவுக பக்கமே போகாதீக. அவுக குடும்பத்தோட பதினோரு பேர் வந்து சாப்பிட்டுட்டு நூத்தியொண்ணு எழுதினவுக."

"சரி. இந்தா, 5,001 எழுதியிருக்காரே நிலக்கோட்டைக்காரரு?"

"அங்கன மட்டும் போயிராதீக. அவுக மகனுக்கு ஆவணியில கல்யாணம். நாமதான் இப்பத் திருப்பிச் செய்யணும். பாலிசின்னு போய் நின்னா, 'பிரீமியத்தை அந்த மொய்யில கழிச்சுக்கங்க மாப்ள'ம்பாரு."

"ஐந்நூறு எழுதினவங்க?"

"அது நாம முன்னாடி எழுதுன ஐந்நூறு. திரும்பி வந்திருக்கு. அதோட கணக்கு முடிஞ்சுது, உறவும் முடிஞ்சுது."

இப்படி ஒவ்வொரு பக்கமாகக் கழித்துக்கொண்டு வந்ததில், நோட்டு முழுக்க யாரிடம் போகலாம் என்று பார்த்தால் மொய்யே எழுதாமல் சாப்பிட்டுப் போனவர்களிடம்தான் போகலாம் என்று ஆனது. அவர்கள் பெயர் நோட்டில் இல்லை.

கடைசியில் வத்தலக்குண்டு அண்ணனிடம் போவது என்று முடிவாயிற்று. பெரியப்பா மகன். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, இடுப்பு பிடித்துக்கொண்டதால் நின்றுவிட்டவர். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா, வாப்பா. உன்னயத்தான் காலையில இருந்து நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நல்ல சகுனம் என்று எண்ணிக்கொண்டேன். ஏஜென்ட் தொழிலில் யாராவது உங்களையே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னால் செருப்பைக் கழற்றாமல் திரும்பிவிட வேண்டும் என்பதை 25 மணி நேரப் பயிற்சியில் சொல்லித் தரவில்லை. நான் பையிலிருந்து என் ஃபைலை எடுத்தேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். சத்து மாவு மாதிரி ஏதோ ஒரு பவுடர். டப்பாவின் மேல் புஜத்தை மடக்கிக் காட்டும் ஒரு வெளிநாட்டுத் தாத்தா.

"முட்டி வலிக்குதா தம்பி?"

"இல்லண்ணே."

"வலிக்கும்."

நானும் விடவில்லை. "அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா மதினி கதி என்ன, யோசிச்சீகளா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தானே இந்தப் பவுடரு."

"மனுச உசுருண்ணே. ஒருவேளை ஆனா?"

"ஆகாதுங்கறேன்ல!"

அவர் சொல்வது மெய்யானால் என் பாலிசி வீண். நான் சொல்வது மெய்யானால் அவருடைய டப்பா வீண். இரண்டு பேருக்கும் மாதக் கடைசி. சுவரில் மாட்டியிருந்த பெரியப்பா, தனக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லையே என்பதுபோல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி காபி டம்ளரை நங்கென்று வைத்தார். "அண்ணனும் தம்பியும் வித்து முடிச்சாச்சுன்னா, எம் பி.எஃப். பணம் ஏன் வரலைன்னு யாராச்சும் பாக்குறீகளா?"

மதினி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்தவர். மூன்று முறை கிளெய்ம் போட்டு மூன்று முறையும் தள்ளுபடியாகியிருந்தது. காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். மில் ரெஜிஸ்டரில் அப்பா பெயரின் முதலெழுத்து. ஆதாரில் புருஷன் பெயர் பின்னால். பேங்கில் இன்ஷியலே இல்லை. பிறந்த தேதி, எதிர்பார்த்தபடி, ஜூன் 1. அந்தக் காலத்தில் தேதி தெரியாத பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்திலேயே பிறக்கவைத்துவிடுவார்கள் வாத்தியார்கள். எங்கள் மில்லில் ஜூன் 1 அன்று மிட்டாய் கொடுப்பதாக இருந்தால் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டையே நிறுத்த வேண்டியிருக்கும்.

அவர் வேலை பார்த்த மில்லும் மூடியாகிவிட்டது. திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட முதலாளி இல்லை என்றால், கெசட்டட் அதிகாரி மாதிரி யாரையாவது பிடித்துச் சான்று வாங்கி, காகிதங்களை ஒழுங்காகச் சேர்த்து அனுப்ப வேண்டும். எந்தக் காகிதத்துக்கு மேல் எந்தக் காகிதம் என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அனுப்பினேன். நாளானது, ஆனாலும் பணம் வந்தது. பணம் வந்ததை மதினி யாரிடமும் சொல்லவில்லை. நான் வாங்கிக் கொடுத்தேன் என்பதை மட்டும் கோன் வைண்டிங் பெண்கள் அத்தனை பேரிடமும் சொன்னார்.

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், சுவரோரமாக, பி.எஃப். வேலைக்கென்று எனக்கு ஒரு மேஜை. கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரைத் தட்டுவார். நான் எதைத் தட்ட வேண்டும் என்று சொல்வேன். தலைபோகிற வேலை எல்லாம் ஓ.டி.பி.யில்தான். அம்மா இங்கே உட்கார்ந்திருப்பார். ஆதாரோடு இணைத்த நம்பர் திருப்பூரில் மகனிடம் இருக்கும். மகன் தையல் மிஷினில் இருப்பான். "எம்பா, நம்பர் வந்துச்சா? படிச்சுச் சொல்லு... ஆறு நம்பர்ப்பா... சத்தம் கேக்கலையா? மிஷினை நிறுத்துப்பா!" அவன் நிறுத்திச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. வருஷா வருஷம் உயிரோடு இருப்பதைக் காட்டுகிற சான்றிதழ் இன்னொரு கூத்து. கண்ணைச் சிமிட்டுங்கள் என்று செல்போன் கேட்கும். போட்டோ என்றால் கல்லாகச் சமைந்து நிற்கப் பழகிய ஆட்கள். உயிர் இருக்கிறது என்று நிரூபிப்பதற்குள் எனக்குப் போய்விடும்.

விஷயம் டி.ஓ. காதுக்கும் போனது. "சார், பெரிய இடத்துல உக்காந்திருக்கீங்க! மொத்தமாப் பணம் வர்ற அன்னிக்கு அவங்க பக்கத்துல நீங்கதான் இருக்கீங்க!" என்று துள்ளினார். பாவம், பணம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே மகன் பைக் புக் பண்ணியிருப்பான் என்பது அவருக்குத் தெரியாது.

கட்டணம் ஃபாரத்துக்கு 200 ரூபாய். போன வாரம் எங்கள் மில்லின் பழைய சைடர் ஒருவர் வந்தார். எல்லாம் முடிந்து ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு நூறு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணே, இருநூறு."

"தெரியும் சார். 2009 ஐப்பசி. மழையில பஸ் வரல. கால் மணி நேரம் லேட்டுன்னு அரை நாள் வெட்டுனீக."

ரெஜிஸ்டர் மில்லோடு போய்விட்டது; சரிபார்க்க வழியில்லை. நூறை எடுத்து டிராயரில் போட்டேன். அவர் வெளியே போய், பெஞ்சில் காத்திருந்த ஸ்பின்னிங் ஆட்களிடம் குனிந்து என்னவோ சொன்னார். அன்றைக்கு மத்தியானம் வரை எனக்கு ஒருத்தரும் முழுக் கட்டணம் தரவில்லை.