கீழூரில் பிறந்த முடிவு

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு சிறு பிரச்சினைக்கும் கூட்டத்தின்மேல் கூட்டம் நடக்கிறது, முடிவு மட்டும் பிறப்பதில்லை. இதற்கு என்ன வழி?
– ஒரு வாசகர், அபிஷேகப்பாக்கம்

பதில்: வழி தங்கள் ஊருக்கு வெகு தூரத்தில் இல்லை, வில்லியனூரைத் தாண்டிக் கீழூர்வரை ஒருமுறை போய் வாருங்கள். பிரெஞ்சிந்தியப் பிரதேசங்களின் எதிர்காலத்தை அங்குள்ள ஜனங்களே நிர்ணயிக்க வேண்டுமென்று 1948-இல் இரு சர்க்கார்களும் ஒப்புக்கொண்ட பின்னும் வருஷக்கணக்காகத் தீராதிருந்த புதுச்சேரி விவகாரம், 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, பிரதிநிதி சபையையும் நகரசபைகளையும் சேர்ந்த 178 அங்கத்தினர் அச்சிற்றூரில் கூடி வாக்களித்த ஒரே நாளில் தீர்ந்தது. 170 பேர் இந்தியாவுடன் இணைய வேண்டுமென்றார்கள், 8 பேர் கூடாதென்றார்கள். தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு, கேள்வி என்ன, நாள் எது என்ற மூன்றும் அவர்கள் கூடுமுன்பே நிச்சயமாகியிருந்தன. தங்கள் கூட்டங்களிலும் காபி எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயமாகக் கேள்வியும் இருக்கட்டும்!

அதனினும் நான் வியப்பது அடுத்து நடந்த காரியத்தை. சட்டபூர்வமான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க நேர்ந்தபோதிலும், நிர்வாகம் 1954 நவம்பர் 1-ஆம் தேதியே கைமாறிவிட்டது. கையொப்பம் தாமதிக்கலாம், காரியம் தாமதிக்கலாகாது என்னும் அந்த விவேகத்தைத் தங்கள் மேலதிகாரியிடம் பணிவுடன் எடுத்துரையுங்கள். மாறுபட்ட 8 வாக்குகளும் அன்று முறையாக எண்ணப்பட்டன என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.